கடற்கரை வீட்டில் அன்டெனாக் கேபிள் எத்தனை வருடம் தாங்கும்?

வாசகர் கேள்வி: நான் திருக்கோவிலில், கடலிலிருந்து ஏறக்குறைய 300 மீற்றர் தூரத்தில் வசிக்கிறேன். அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரம் பெற்று நான்கு வருடங்களாகின்றன. வீட்டின் பின்னால் நட்ட ஜீ.ஐ. குழாயின் உச்சியில் 145 மெகாஹேட்ஸுக்கான செங்குத்து அன்டெனா ஒன்றும், இரண்டு தென்னைகளுக்கிடையே 7 மெகாஹேட்ஸுக்கான டைபோல் (நடுவில் கேபிள் இணையும் இருபுறக் கம்பி அன்டெனா) ஒன்றும் கட்டியிருக்கிறேன். இரண்டுக்கும் 30 மீற்றர் வீதம் ஆர்.ஜி. 58 கேபிள் போட்டேன். மூன்று மாரி கழிந்துவிட்டது. இப்போது 145இல் என் குரல் அக்கரைப்பற்றிலுள்ள நண்பருக்கே இரைச்சலோடுதான் கேட்கிறது. ஆனால் கட்டிய நாளில் 1.5 காட்டிய எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றர் இன்று 1.2 காட்டுகிறது. ஆகவே அன்டெனாவிலும் கேபிளிலும் பிழையில்லை, கருவியில்தான் பழுது என்று நினைக்கிறேன். அதைத் திருத்தக் கொடுக்கலாமா? கேபிள்தான் காரணம் என்றால், கடைக்காரர் சொல்வதுபோல டிஷ் அன்டெனாவுக்குப் போடும் வெள்ளைக் கேபிளைப் போடலாமா? முழுவதையும் பி.வி.சி. குழாய்க்குள் விட்டால் பாதுகாப்பாகுமா? நமது பகுதியில் ஒரு கேபிள் எத்தனை வருடம் தாங்கும்?

பதில்:

அன்புள்ள திருக்கோவில் வாசகருக்கு,

கருவியைக் கழற்றிக் கொடுக்க வேண்டாம். யாரும் கைவைக்காத அன்டெனா மூன்று வருடம் உப்புக்காற்றில் நின்றபின் தானாகத் திருந்துவதில்லை. 1.5 காட்டிய மீற்றர் 1.2க்கு இறங்கியிருக்கிறது என்று நீங்கள் ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரியே உங்கள் கேபிள் கெட்டுக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டது. வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்தில் பலநாட் கலங்களின் வானொலிக் கருவிகளைத் திருத்துவது என் தொழில். கலங்களில் இருப்பவை 156 மெகாஹேட்ஸுக்குக் கிட்டிய மீடிறனில் இயங்குபவை. உங்கள் 145க்கு நெருங்கிய உறவுக்காரர்கள். கருவி பழுதென்று மேசைக்கு வந்து, கருவியில் ஒன்றுமில்லாமல் கேபிளின் மேல்முனையில் நோய் அகப்பட்ட தடவைகள் பல. அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

மீற்றர் ஏன் பொய் சொல்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அது அன்டெனாவைப் பார்ப்பதில்லை. கருவியிலிருந்து புறப்படும் வலுவையும், தெறித்துத் திரும்பி வரும் வலுவையும் ஒப்பிட்டுச் சொல்கிறது, அவ்வளவுதான். ஒன்றும் திரும்பாவிட்டால் 1; திரும்புவது கூடக் கூட எண்ணும் கூடும். போகும் அலை கேபிளை ஒருமுறை கடக்கிறது. அன்டெனாவில் தெறித்த அலையோ திரும்பி வரும்போது இன்னொரு முறை கடக்கிறது. கேபிள் வலுவைத் தின்னத் தொடங்கினால், திரும்பி வருவது இரண்டு தடவை தின்னப்பட்ட மிச்சம். மிச்சம் குறையக் குறைய, அன்டெனா எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று மீற்றர் எண்ணிக்கொள்கிறது. ஆர்.ஜி. 58 கேபிள் 145 மெகாஹேட்ஸில் 100 மீற்றருக்கு ஏறக்குறைய 20 டெசிபெல் இழக்கும் (3 டெசிபெல் இழப்பு என்றால் வலு பாதியாகும்). உங்கள் 30 மீற்றரில் அது 6 டெசிபெல். அதாவது கேபிள் புத்தம் புதிதாக இருந்த அன்றைக்கே, நீங்கள் 50 வாற்று அனுப்பியிருந்தால் அதில் பன்னிரண்டரை வாற்றுத்தான் உச்சிக்குப் போயிருக்கும். ஈரமும் களிம்பும் சேர்ந்து அந்த இழப்பு 10 டெசிபெலாகியிருந்தால் போவது 5 வாற்று. அந்த நிலையில் அன்டெனா முழுவதுமாகக் கழன்று விழுந்து கேபிளின் முனை வெறுமனே தொங்கினாலும் உங்கள் மீற்றர் 1.22தான் காட்டும். நீங்கள் இன்று காண்கின்ற எண்ணும் அதுதான். உங்கள் அன்டெனா உச்சியில் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால், அது இருப்பதை அந்த எண் நிரூபிக்கவில்லை.

கேபிளைத் தூக்கி எறியுமுன் அளந்து பாருங்கள். நிலையம் முழுவதையும் அணைத்துவிட்டு, உச்சியில் உள்ள கனெக்டரைக் கழற்றி, எதிலும் தொடாமல் திறந்தபடி விடுங்கள். கீழே கருவியில் மிகக் குறைந்த வலுவை வைத்து, இரண்டு மூன்று வினாடி மட்டும் அனுப்பி மீற்றரைப் பாருங்கள்; நானோ வி.என்.ஏ. என்ற சிறிய அளவுகருவி இரவல் கிடைத்தால் அதனால் அளப்பது இன்னும் நல்லது, கருவிக்கும் கெடுதியில்லை. திறந்த முனையில் வலு அப்படியே தெறிப்பதால், நல்ல கேபிளில் எண் பெரிதாக இருக்க வேண்டும். 145இல் உங்கள் நீளத்து ஆர்.ஜி. 58 புதிதாக இருந்தால் 1.7க்குக் கிட்ட வரும். 1.3க்குக் கீழே வந்தால் இழப்பு 9 டெசிபெலைத் தாண்டிவிட்டது. அந்தக் கேபிளுக்கு வைத்தியம் இல்லை. டைபோலின் கேபிளையும் அப்படியே 7 மெகாஹேட்ஸில் பாருங்கள். அங்கே புதுக் கேபிள் ஏறக்குறைய 1 டெசிபெல்தான் இழக்கும் என்பதால், எண் 8ஐத் தாண்டும். அநேகமான மீற்றர்களில் ஊசி கடைசிவரை போய் நிற்கும். அங்கே 3 என்று காட்டினால் பாதி வலு வழியிலேயே போய்விட்டது என்று பொருள்.

மல்டிமீற்றரால் தடையை அளந்து கேபிள் நல்லதென்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. முனைகளைத் திறந்து வைத்து, நடுக்கம்பிக்கும் அதைச் சூழ்ந்த உலோகப் பின்னலுக்கும் இடையே அளக்கையில் ஏதாவது தடை காட்டினால் உள்ளே நீர் இருக்கிறது என்று அறியலாம். ஒன்றும் காட்டவில்லை என்பதால் கேபிள் நல்லது என்று அறிய முடியாது. காரணம், உயர் மீடிறனில் மின்னோட்டம் செம்பின் மேல்தோலில்தான் ஓடுகிறது. 145 மெகாஹேட்ஸில் அந்தத் தோலின் தடிப்பு ஏறக்குறைய 0.0055 மில்லிமீற்றர். பின்னலின் இழைகள் ஒன்றையொன்று கடக்கும் ஆயிரக்கணக்கான இடங்களில் களிம்பு படிந்தால், அந்த மெல்லிய தோல்தான் முதலில் கெடுகிறது. மல்டிமீற்றர் அளக்கும் நேரோட்டமோ கம்பியின் முழு உடம்பிலும் ஓடுவதால் அதற்கு ஒன்றும் தெரிவதில்லை. உங்கள் டைபோல் இன்னும் சரியாக வேலை செய்வதுபோலத் தோன்றி, 145 மட்டும் முதலில் மங்கியதற்கும் இதுவே காரணம்.

இனி, நீர் எங்கிருந்து வருகிறது என்பது. கடைகளில் கேபிளை வாங்கும்போது எல்லாரும் மேலுறையைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். மேலுறையால் நுழையும் நீரைவிட முனையால் நுழையும் நீரே அதிகம். சில வருடங்களுக்கு முன் நாவலடியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் உள்ள அந்த மணல்திட்டில், ஒரு நண்பரின் வீட்டுக் கேபிளை இறக்கினோம். ஆர்.ஜி. 213 என்ற தடித்த வகை, ஐந்து வருடம் நின்றது. மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. துடைத்தால் புதிதுபோல மினுங்கியது. கருவியின் பக்கத்திலிருந்த கனெக்டரைத் திருகிக் கழற்றியபோது, மேசை விரிப்பில் ஒரு துளி நீர் விழுந்து பச்சையாய்ப் பரவியது. வீட்டுக்குள் மழை பெய்யவில்லை. அந்தத் துளி உச்சியிலிருந்து பின்னலின் இழைகளுக்கிடையே கசிந்து முழு நீளத்தையும் கடந்து வந்திருக்கிறது. பிறகு கேபிளை நிலத்தில் நீட்டி, அரை மீற்றருக்கு ஒருமுறை மேலுறையைக் கத்தியால் பிளந்து பார்த்தோம். உச்சியில் முதல் ஒரு மீற்றரில் பின்னல் இல்லை, பச்சைத் தூள்தான் இருந்தது. விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. அதற்குக் கீழே கறுப்பு, அதற்கும் கீழே தேயிலைச்சாய நிறம். கடைசிவரை ஓரிடத்திலும் செம்பின் நிறத்தைக் காணவில்லை. உச்சியிலிருந்த கனெக்டரைச் சாதாரண இன்சுலேஷன் டேப்பால் சுற்றியிருந்தார்கள். வெயிலில் அதன் பசை உருகி வழிந்து, டேப் சுருண்டு, வாய் திறந்து கிடந்தது. நல்ல விலைகொடுத்து வாங்கிய கேபிளை அந்த ஒரு முழ டேப்தான் கெடுத்தது.

நீர் தானாக வழிவது மட்டுமல்ல, கேபிள் அதை உறிஞ்சவும் செய்கிறது. பின்மதிய வெயிலில் கூரையில் கிடக்கும் கறுப்புக் கேபிளைக் கையால் பிடிக்க முடியாது. உள்ளேயுள்ள காற்று விரிந்து கனெக்டரின் இடுக்குகளால் வெளியேறுகிறது. திடீரென்று இடியோடு மழை கொட்டினால் கேபிள் சில நிமிடங்களில் குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கி, வெளியே வழிகின்ற நீரை உள்ளிழுக்கிறது. சித்திரை மாதத்து மாலை மழைகளில் நாள்தோறும் இதுதான் நடக்கிறது. நமது கரையில் இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. வாடைக்காற்று கடலிலிருந்து வருகிறது. மழையையும் உப்புத் தூவலையும் ஒன்றாகவே கொண்டுவந்து பக்கவாட்டில் அடிக்கிறது. மாரியில் அடுப்படி உப்புப் போத்தல் தானாகக் கசிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கனெக்டரின் மரைகளில் படிந்த உப்பும் அதையே செய்கிறது. மழை விட்ட நாளிலும் அந்த இடம் காய்வதில்லை. அதன்பின் வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று தரையிலிருந்து வெப்பத்தோடு வீசி, மேலுறையை உலர்த்தி வெடிக்க வைக்கிறது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வெயில் மட்டும். கடலோர எழுவான்கரையில் இருப்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்து வரும்.

மேலுறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கெடுதி அங்கே இருக்கிறது. பி.வி.சி. இயல்பில் விறைப்பான பொருள். வளைவதற்காக அதில் எண்ணெய்போன்ற மென்மையாக்கி ஒன்றைச் சேர்க்கிறார்கள். மலிவான பி.வி.சி. உறையில் அந்த மென்மையாக்கி வெயிலின் சூட்டில் வெளியே கசிந்து உறையை வெடிக்க வைப்பதோடு, உட்புறமாகவும் ஊறி, நடுக்கம்பியைச் சூழ்ந்துள்ள வெள்ளைப் பொலித்தீன் காவலிக்குள் சேர்ந்து, அதன் இழப்பைக் கூட்டிவிடுகிறது. இதற்கு நீர் ஒரு சொட்டும் தேவையில்லை. நன்றாக மூடிய கேபிளும் இப்படிக் கெடும். இந்தக் குறையைத் தவிர்ப்பதற்காகவே, ஊறாத வகைப் பி.வி.சி. உறையை ஆர்.ஜி. 58 சி/யூ, ஆர்.ஜி. 213/யூ என்ற தர அடையாளங்களுள்ள கேபிள்களுக்கு விதித்திருக்கிறார்கள். கறுப்புப் பொலித்தீன் உறை இன்னும் நல்லது. அந்தக் கறுப்பு அழகுக்கானதல்ல. அதில் கலந்துள்ள காபன் தூள் புற ஊதாக் கதிரை மேற்பரப்பிலேயே விழுங்கிவிடுகிறது. காபன் இல்லாத வெள்ளை உறை நமது வெயிலில் சுண்ணாம்பு பூத்ததுபோல வெளிறி, வளைத்தால் முறியும்.

அதனால் கடைக்காரர் சொன்ன வெள்ளைக் கேபிளை வாங்க வேண்டாம். அந்த ஆர்.ஜி. 6 வகையையே ஒதுக்கிவிடுகிறேன் என்று எண்ணாதீர்கள். அது 75 ஓம் கேபிள். உங்கள் கருவியும் அன்டெனாவும் 50 ஓம். இதனால் வரும் பொருத்தமின்மை 1.5 அளவுதான், இழப்பு மிகச் சொற்பம். 145இல் 30 மீற்றருக்கு ஏறக்குறைய 2 டெசிபெல்தான் இழக்கும் என்பதால், கணக்கின்படி உங்கள் ஆர்.ஜி. 58ஐ விட அது மேல். குறை வேறிடத்தில் இருக்கிறது. அதன் பின்னலும் உள்ளேயுள்ள தாளும் அலுமினியம். நடுவில் பெரும்பாலும் செம்பு பூசிய உருக்கு. அலுமினியத்தில் ஈயம் பிடிக்காது, அழுத்திப் பூட்டும் கனெக்டர்தான் போட வேண்டும். அலுமினியமும் பித்தளைக் கனெக்டரும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால், அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரைந்துபோகும். ஊருக்குள் கூரைகளில் நான்கைந்து வருடமாகத் தொங்கும் டிஷ் கேபிள்களின் முனையை அவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உள்நாட்டில், உகனையிலோ மகாஓயாவிலோ, கறுப்பு உறையுள்ள ஆர்.ஜி. 6ஐ யாராவது போட்டால் நான் மறுக்கமாட்டேன். கடலிலிருந்து 300 மீற்றரில் வேண்டாம்.

உங்கள் 145 அன்டெனாவுக்கு, பின்னலும் நடுக்கம்பியும் முழுச் செம்பாக உள்ள ஆர்.ஜி. 213ஐப் பரிந்துரைக்கிறேன். 30 மீற்றரில் ஏறக்குறைய 2.7 டெசிபெல் இழப்பு. 50 வாற்றில் 27 வாற்று உச்சிக்குப் போகும், உங்கள் இன்றைய நிலையோடு ஒப்பிட்டால் பல மடங்கு. எல்.எம்.ஆர். 400 என்ற வகை இன்னும் குறைவாக, ஒன்றரை டெசிபெலே இழக்கும். பொலித்தீன் உறையும் உண்டு. அதைப் போடுபவர்கள் பிழை செய்யவில்லை. ஆனால் அதன் நடுக்கம்பி செம்பு பூசிய அலுமினியம், காவலி நுரைப் பொலித்தீன். ஒருமுறை முனையால் உப்புநீர் புகுந்தால் செம்பைவிட விரைவாக அழியும். நுரைக் காவலியை வெயிலில் நெருக்கி வளைத்து வைத்தால் நடுக்கம்பி மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகரவும் கூடும். ஒன்றே கால் டெசிபெல் வித்தியாசத்தை உங்கள் நண்பரின் காது அறியாது. கடற்கரையில் செம்பின் பொறுமை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. டைபோலுக்கு நல்ல ஆர்.ஜி. 58 சி/யூ போதும், அங்கே காசைச் செலவிட வேண்டியதில்லை.

பெயர் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கவும் வேண்டாம். கடையிலேயே ஒரு விரலளவு துண்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். பின்னலின் ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால், வெள்ளி நிறப் பூச்சு இருந்தாலும் அதன் கீழ் செம்பின் சிவப்புத் தெரிய வேண்டும். எவ்வளவு சுரண்டினாலும் வெள்ளையாகவே இருந்தால் அது அலுமினியம். நடுக்கம்பியில் காந்தம் ஒட்டினால் உள்ளே உருக்கு. பின்னலை விரலால் தள்ளாமல் பார்த்தால் அதன் இடுக்குகளில் வெள்ளைக் காவலி அங்கங்கே பல்லிளிக்கக் கூடாது. தரமான கேபிளில் பின்னல் ஏறக்குறைய 95 சதவீதத்தை மூடியிருக்கும்.

இனிச் செய்ய வேண்டிய வேலையில் நீங்கள் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் உச்சிக் கனெக்டர். பி.எல். 259 என்ற கனெக்டர் நீர் புகாததல்ல; அப்படி அதை யாரும் செய்யவில்லை. அன்டெனாவின் பக்கம் இடம் கொடுத்தால் ரப்பர் வளையமுள்ள ‘N’ வகைக் கனெக்டரைப் போடுங்கள். அதையும் மூடித்தான் ஆக வேண்டும். ஈயம் பற்றவைக்கும் வேலையைக் காற்றில்லாத அறைக்குள் முடித்துவிட்டு, பி.எல். 259 என்றால் அதன் நான்கு துளைகளிலும் ஈயம் பின்னலில் பிடித்திருப்பதை உறுதிசெய்துகொண்டு ஏறுங்கள். மழை விட்டு இரண்டு நாளாவது வெயில் அடித்த ஒரு முற்பகலைத் தெரிவுசெய்யுங்கள், ஏனென்றால் ஈரத்தோடு மூடினால் ஈரத்தை உள்ளே பூட்டியதாகிவிடும். கனெக்டரை இறுகப் பூட்டியபின், உப்புப் படிந்த இடத்தை நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து, ஸ்பிரிட்டால் மறுபடி துடைத்து, உலரவிடுங்கள். முதலில் ஒரு சுற்று சாதாரண இன்சுலேஷன் டேப். அடுத்த முறை கழற்றும்போது கனெக்டர் பிசுபிசுக்காமல் வர இது உதவும். அதன்மேல் தன்னோடு தான் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை, அகலம் ஏறக்குறைய பாதியாகும்வரை இழுத்து இழுத்துச் சுற்ற வேண்டும். இழுக்காமல் சுற்றினால் அது ஒட்டாது. ஒவ்வொரு சுற்றும் முந்தியதில் பாதியை மூட வேண்டும். கனெக்டருக்குக் கீழே கேபிளில் நான்கு விரல் கீழிறங்கி அங்கிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போங்கள். கிடுகு வேய்பவர் இறவாரத்திலிருந்து தொடங்கி முகட்டுக்கு ஏறுவது எதற்காகவோ, அதற்காகத்தான் இதுவும்: மேல்மடி கீழ்மடியை மூடினால் வழியும் நீர் வெளியே போகும், மாறிச் சுற்றினால் ஒவ்வொரு மடியும் நீரை ஏந்தும் கிண்ணமாகும். இந்த ரப்பர் வெயிலுக்கு நெடுநாள் தாங்காது என்பதால், அதன்மேல் நல்ல கறுப்பு வினைல் டேப்பை அதே முறையில் சுற்றி மூடுங்கள். கடைசிச் சுற்றை இழுக்காமல் தளர்வாக முடித்து, கையால் அல்லாமல் கத்தரியால் வெட்டுங்கள். இழுத்து முடித்த நுனி வெயிலில் சுருங்கித் திறந்துகொள்ளும். நாவலடியில் நடந்ததும் அதுவே.

சிலிக்கன் பசையைப் பூசலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வினாகிரி மணம் வீசும் சிலிக்கனைக் கனெக்டருக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்; உலரும்போது அது வெளிவிடும் அமிலம் செம்பை அரித்துவிடும்.

டைபோலின் நடுவில் நீங்கள் எப்படி இணைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கேபிளின் நுனியை இரண்டாகப் பிரித்து, நடுக்கம்பியை ஒரு புறமும் பின்னலை மறுபுறமும் முறுக்கி ஈயம் வைத்திருந்தால், பிரிந்த அந்தக் கவட்டை வானத்தைப் பார்த்தபடி நின்று மழையைக் குடிக்கிறது. திறந்த பின்னல் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல நீரை இழுக்கும். அதை மாற்றி, ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் கனெக்டரை வாய் கீழ்நோக்கியபடி பொருத்தி, கேபிள் கீழிருந்து ஏறுமாறு செய்யுங்கள். பெட்டியின் அடியில் ஒரு சிறு துளையும் விடுங்கள். கேபிளின் பாரத்தை ஈயம் தாங்கக் கூடாது. தென்னைகள் காற்றில் ஒன்றுக்கொன்று எதிராக ஆடுபவை. கயிற்றின் ஒரு முனையைக் கப்பியில் விட்டுப் பாரம் கட்டாவிட்டால், வாடை நாளில் இழுபடுவது உங்கள் கேபிளின் நுனிதான். காய்ந்த ஓலை விழும் வழியிலிருந்தும் அதை விலக்கி வையுங்கள்.

பி.வி.சி. குழாயைப் பற்றிய உங்கள் எண்ணம் பாதி சரி. கூரையின்மேல் வெயில் நேரே விழும் பகுதிக்கும், அணிலும் காகமும் கொறிக்கிற பகுதிக்கும் குழாய் நல்ல காவல். அணிலுக்கு மென்மையான உறைகளில் தனி விருப்பம் உண்டு. பல்லுக்கு அகப்பட்ட இடத்தை ஊசித்துளை அளவுக்குத் திறந்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும், கீழிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் குழாயின் இரண்டு வாயையும் அடைத்து மூடினால், அது கேபிளை மூழ்கவைக்கும் தொட்டியாகிவிடும். பகலில் புகும் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து உள்ளே நீராகி, தாழ்ந்த இடத்தில் தேங்கி நிற்கும். ஆகவே வாய்கள் கீழ்நோக்கித் திறந்திருக்கட்டும், தாழ்ந்த இடத்தில் ஒரு துளை போடுங்கள். சுவரால் உள்ளே நுழையுமுன் கேபிளை ஒரு முழம் கீழே தொங்கவிட்டுப் பின் மேலேற்றுங்கள். உறையின் வெளியால் வழியும் நீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும்.

ஆர்.ஜி. 213 மீற்றருக்கு ஏறக்குறைய 150 கிராம் நிறையுள்ளது. பத்து மீற்றர் தொங்கினால் ஒன்றரைக் கிலோ உச்சிக் கனெக்டரை இழுத்துக்கொண்டிருக்கும். ஜீ.ஐ. குழாயோடு ஒவ்வொரு மீற்றரிலும் கட்டுங்கள். வெள்ளை நைலோன் கட்டுகள் ஒரு கோடையில் பொடியாகும். கறுப்பு நிறத்தில், வெயிலுக்கென்று செய்தவை கிடைக்கும். இறுக்கிக் கட்டி உறையில் பள்ளம் விழவைக்காதீர்கள். வளைவுகளை ஒரு சாண் வட்டத்துக்குக் குறையாமல் விடுங்கள். மின்னலுக்கு எந்த உறையும் காவல் அல்ல. குழாயின் அடியில் எர்த் கம்பி அடித்து, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பியைப் பொருத்தி அதே எர்த்தில் சேர்த்துவிடுங்கள். முழக்கம் கேட்கத் தொடங்குமுன்பே கருவியிலிருந்து கேபிளைக் கழற்றி வைப்பதும் அவசியம். முழங்கிக்கொண்டிருக்கும்போது அதில் கை வைக்காதீர்கள்.

எத்தனை வருடம் என்ற கேள்விக்கு நான் ஓர் எண்ணைச் சொல்ல விரும்பவில்லை. ஒரே நாளில், ஒரே சுருளிலிருந்து வெட்டிய இரண்டு கேபிள்களில் ஒன்று இரண்டாம் மாரியிலேயே கெட்டதையும், மற்றது பத்து வருடம் கடந்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன்; வித்தியாசம் சுற்றியவரின் கையில் இருந்தது. புதுக் கேபிளை ஏற்றுகிற நாளிலேயே திறந்த முனையோடு மேலே சொன்ன அளவை எடுத்து, திகதியோடு எழுதிவையுங்கள். பின் ஒவ்வொரு புரட்டாதியிலும், மாரி தொடங்குமுன், அதையே மறுபடி எடுங்கள். இழப்பு முதல் நாளைவிட 1 டெசிபெல் கூடியிருந்தால் உச்சிக் கனெக்டரை அவிழ்த்துப் பாருங்கள். 213இல் 2.7 டெசிபெல் 3.7 ஆவதென்றால், திறந்த முனையில் மீற்றர் எண் 3.3இலிருந்து ஏறக்குறைய 2.5க்கு இறங்கும், அதைக் கண்ணால் பிடிக்கலாம். பின்னல் கறுத்திருந்தால், பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டு போய், அதற்குமேல் அரை மீற்றரும் வெட்டி, புதுக் கனெக்டர் போடுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் இழப்பது ஒரு மீற்றர்தான். அதற்காக இரண்டு மீற்றர் கேபிளைக் கூடுதலாக வாங்கி, கீழே சுருட்டி வையுங்கள்.

புரட்டாதியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26ஐ நாமே கண்டோம். இரண்டும் மாரியில் வந்தவை. தொலைபேசி ஓய்ந்துபோகும் நாளில் உங்கள் குரல் அக்கரைப்பற்றுக்காவது போக வேண்டுமென்றால், கேபிள் அதிகம் நனைந்திருக்கும் அந்த மாதங்களில்தான் அது போக வேண்டும். கோடையில் சோதித்துப் பார்த்து திருப்திப்படுவது போதாது.

முதலில் அந்த அளவை இரண்டு கேபிள்களிலும் எடுங்கள். 145இல் கிடைத்த எண்ணையும், 7இல் கிடைத்த எண்ணையும், உச்சிக் கனெக்டரை அவிழ்த்தபோது பின்னல் என்ன நிறத்தில் இருந்தது என்பதையும் எழுதி அனுப்பினால், டைபோலின் கேபிளை வெட்டிக் காப்பாற்றலாமா, அதையும் மாற்றத்தான் வேண்டுமா என்று சொல்வேன்.